சுழல் சிறகிலிருந்து தலைமைப் பொறுப்பு வரை: அட்மிரல் கரம்பீர் சிங்கின் பணிவாழ்வும் இந்தியக் கடற்படை உலங்கு வானூர்திப் பிரிவும்

முன்னுரை

இந்தியக் கடற்படையின் 24ஆம் தலைமைத் தளபதியாக அட்மிரல் கரம்பீர் சிங் 2019ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பொறுப்பேற்றார். உலங்கு வானூர்தி விமானி ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதல் முறை. பொதுவழக்கில் ஹெலிகாப்டர் எனப்படும் இவ்வூர்திக்கெனக் கடற்படை அமைத்த முதல் அணி 1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தோன்றியது. அவ்வணியின் தோற்றத்திற்கும் அப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் படையின் தலைமையை அடைந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்துள்ளது.

இந்த இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். கடற்படையில் உலங்கு வானூர்தி எவ்வாறு துணைக் கருவி என்னும் நிலையிலிருந்து இன்றியமையாப் போர்க்கருவியாயிற்று, அதன் விமானி எவ்வழியில் தலைமைக்கு உயர்ந்தார், உயர்ந்த பின் தாம் வளர்ந்த பிரிவின் நெடுநாள் குறைகளை எந்த அளவுக்குத் தீர்க்க முடிந்தது என்னும் மூன்று வினாக்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கரம்பீர் சிங் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்தவர்; தமிழர் அல்லர். எனினும் அவருடைய பணிவாழ்வும் அவர் சார்ந்த வான்பிரிவின் வரலாறும் தமிழ்நாட்டின் சூலூர், வெலிங்டன், அரக்கோணம், மீனம்பாக்கம், தூத்துக்குடி ஆகிய இடங்களோடு தொடர்புடையவை. அத்தொடர்பும் உரிய இடத்தில் எடுத்துரைக்கப்படுகிறது.

கடற்படை வான்பிரிவின் தொடக்கம்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியக் கடற்படையின் முதல் விமான நிலையமான ஐ.என்.எஸ். கருடா 1953ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் கொச்சியில் தொடங்கப்பட்டது. எட்டாண்டுகளின் பின், 1961ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள், விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் இந்தியக் கடற்படையில் இணைந்தது. சீ ஹாக் என்னும் தாரை விமானங்களும் அலிசே என்னும் நீர்மூழ்கி எதிர்ப்பு விமானங்களும் அதன் தாக்குதல் ஆற்றலாக அமைந்தன. அவ்வாண்டு மே 18ஆம் நாள் விக்ராந்தின் மேல்தளத்தில் விமானத்தை இறக்கிய முதல் இந்திய விமானி இராதாகிருஷ்ண ஹரிராம் தாஹிலியானி. அவரே பின்னர் 1984 முதல் 1987 வரை கடற்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

இத்தொடக்கம் வான்பிரிவின் உள்மதிப்பீட்டையும் வரையறுத்தது. விமானந்தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்தில் தாரை விமானத்தை இறக்குபவனே கடற்படை விமானிகளுள் முதல்வன் என்னும் எண்ணம் வேரூன்றியது. தாஹிலியானிக்குப் பின் தலைமைத் தளபதியான அருண் பிரகாஷ் (2004-2006), சுரீஷ் மேத்தா (2006-2009) ஆகிய இருவரும் சீ ஹாக் விமானங்களை ஓட்டியவர்களே. அருண் பிரகாஷ் 1971ஆம் ஆண்டுப் போரில் வீர் சக்ரா விருது பெற்றவர். நிலைச்சிறகு விமானிகளுக்குத் தலைமைப் பதவிக்கான வழி இவ்வாறு முன்னரே திறந்திருந்தது. சுழல் சிறகினர் அவ்வழியில் அடியெடுத்து வைக்க நெடுங்காலமாயிற்று.

அதற்கான காரணம் அவர்களுக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட பணியிலேயே இருந்தது. பிரான்சு நாட்டு அலூயெட்-3 வானூர்தியை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுச் சேத்தக் என்னும் பெயரில் கட்டியது. விக்ராந்திலிருந்து விமானங்கள் எழும்போதும் இறங்கும்போதும் சேத்தக் கப்பலின் அருகே பறந்துகொண்டிருக்கும். விமானம் கடலில் விழுந்தால் விமானியை மீட்கும். 1969ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட 321ஆம் அணி 'ஏஞ்சல்ஸ்' என்று பெயர் பெற்றது இக்காவல் பணியாலேயே ஆகும். பிறர் போரிடப் புறப்படுகையில் அருகே நின்று காப்பதும், அஞ்சலும் ஆட்களும் சுமப்பதும் தொண்டாகப் போற்றப்பட்டன. ஆனால் போர்த்தலைமைக்குரிய பயிற்சியாக அவை எண்ணப்படவில்லை.

நீர்மூழ்கியும் உலங்கு வானூர்தியும்

இந்நிலையை மாற்றியது நீர்மூழ்கிக் கப்பல். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, தியூ கடற்கரைக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹங்கோர் என்னும் நீர்மூழ்கி இந்தியப் போர்க்கப்பலான குக்ரியைத் தகர்த்து மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு கடலில் மூழ்கினார். நீர்மூழ்கியைத் தேடிச் செல்லும் கப்பல் தானே அதற்கு இரையாகக் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி கசப்பாக உணர்த்தியது.

இச்சிக்கலின் இயல்பு எளிதில் விளங்கக் கூடியது. கப்பல் தன் சோனார் கருவியால் நீருக்கடியில் ஒலியலைகளைச் செலுத்தி எதிரியைத் தேடுகிறது. கப்பலின் எந்திர ஓசையை நீர்மூழ்கியோ பல கல் தொலைவிலிருந்தே கேட்டுவிடும். கப்பலின் விரைவு குறைவு. நீர்மூழ்கி ஏவும் டார்ப்பிடோவின் எல்லைக்குள்ளேயே அது பெரும்பாலும் நின்று தேட வேண்டியுள்ளது. உலங்கு வானூர்திக்கு இவ்விடர்கள் இல்லை. அது கடற்பரப்பின் மேல் ஓரிடத்தில் அசையாது நின்று, வடத்தில் கட்டிய சோனார் கருவியை நீருள் இறக்கிக் கேட்கும்; பின் கருவியைச் சுருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் வேறோர் இடத்தில் இறக்கும். அது அடுத்து எங்கே செவி வைக்கும் என்பதை நீர்மூழ்கியால் முன்னறிய இயலாது. அதன் டார்ப்பிடோ வானூர்தியை எட்டவும் இயலாது.

பிரித்தானியாவிலிருந்து வாங்கப்பட்ட சீ கிங் வானூர்திகளைக் கொண்ட 330ஆம் அணி 1971ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் கொச்சியில் உருவாக்கப்பட்டிருந்தது. போருக்குப் பின் வந்த பதிற்றாண்டுகளில் இந்தியக் கடற்படை கட்டிய, வாங்கிய பெருங்கப்பல்கள் பலவும் வானூர்திக் கொட்டகையும் இறங்குதளமும் கொண்டு அமைந்தன. சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு 1980 முதல் வந்துசேர்ந்த இராஜ்புத் வகை நாசகாரிக் கப்பல்கள் கமோவ் வானூர்தியைச் சுமந்து வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சுழல்சிறகுத் தொகுதிகளைக் கொண்ட கமோவுக்கு வால்சுழலி தேவையில்லை. ஆகவே கப்பலின் ஒடுங்கிய கொட்டகையில் அது அடங்கும். 2003இல் சேர்ந்த கமோவ்-31, வயிற்றுப் பகுதியில் விரியும் இராடாரின் துணையால், கப்பலின் அடிவானத்திற்கு அப்பாலிருந்து வரும் விமானங்களை முன்னரே கண்டறியும் ஆற்றலைக் கடற்படைக்கு அளித்தது.

இதனால் உலங்கு வானூர்தி கப்பலின் கண்ணாகவும் செவியாகவும் நீண்ட கையாகவும் ஆயிற்று. அதன் விமானியின் வாழ்வும் கப்பலோடு பிணைந்தது. நாசகாரிக் கப்பலில் உள்ள வானூர்தி விமானி அக்கப்பலின் உணவறையில் உண்டு, அதன் செயலறைத் திட்டங்களைக் கேட்டு, அதன் தலைவர் என்ன அறிய விரும்புகிறார் என்பதை உணர்ந்தே பறக்க வேண்டும். கப்பலின் ஆட்டமும் காற்றின் திசையும் அவருடைய ஒவ்வோர் இறக்கத்தையும் வரையறுக்கின்றன. துணைப் பணியாளராகக் கருதப்பட்டவர் கடற்போரின் நடுவே வந்து நின்றதற்கு இம்மாற்றமே அடிப்படை.

விமானியும் கப்பல் தலைவரும்

கரம்பீர் சிங் இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில் கடற்படையில் சேர்ந்தவர். 1959ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பிறந்த அவர், மகாராட்டிரத்தின் தேவலாலியில் உள்ள பார்ன்ஸ் பள்ளியிலும் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக் கழகத்திலும் பயின்றார். 1980ஆம் ஆண்டு ஜூலையில் அதிகாரியாகப் பணியமர்ந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலங்கு வானூர்தி விமானிக்குரிய சிறகுச் சின்னத்தைப் பெற்றார். சேத்தக், கமோவ் ஆகிய இருவகை வானூர்திகளையும் நெடுங்காலம் ஓட்டினார். முன்னது காவலும் மீட்பும் புரிவது. பின்னது நீர்மூழ்கியைத் தேடுவது. வான்பிரிவின் பழைய பணியும் புதிய பணியும் ஒருவருடைய பறத்தல் ஏட்டிலேயே இடம்பெற்றன.

எனினும் பறத்தல் மட்டும் அவரைத் தலைமைக்குக் கொண்டு சேர்க்கவில்லை. இந்தியக் கடற்படையில் விமானி தனியொரு வகுப்பைச் சார்ந்தவர் அல்லர். அவர் செயலாட்சிப் பிரிவின் அதிகாரி. விமானமோட்டுதல் அவர் பெற்ற சிறப்புத் தேர்ச்சி. உயர்பதவியை நாடுபவர் உரிய காலங்களில் வானைவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி, கடற்பயணக் காவலில் நின்று, கப்பல் தலைமைக்குத் தகுதி பெற வேண்டும். இம்மரபு விமானிக்குச் சுமையானது. பறத்தலில் கழியும் ஆண்டுகளில் அவருடைய ஒத்த அகவையினர் கப்பலோட்டும் பட்டறிவைச் சேர்த்துவிடுகின்றனர். கப்பலில் கழியும் ஆண்டுகளில் அவருடைய பறத்தல் திறன் மழுங்குகிறது. இரண்டையும் காத்துக்கொள்பவர் சிலரே.

கரம்பீர் சிங் தலைமை தாங்கிய கலங்களின் வரிசை இக்கோணத்தில் நோக்கத் தக்கது. முதலில் கடலோரக் காவல் படையின் சாந்த்பீபி. அடுத்து ஏவுகணைச் சிறு போர்க்கப்பலான விஜய்துர்க். பின்னர் நாசகாரிக் கப்பல்களான இராணாவும் டெல்லியும். விஜய்துர்க்கில் வானூர்திக்கு இடமில்லை; அங்கே அவர் முழுக்க முழுக்க மேற்பரப்புப் போர் அதிகாரியாகவே செயல்பட வேண்டியிருந்தது. இராஜ்புத் வகையைச் சேர்ந்த இராணாவோ அவர் ஓட்டிப் பழகிய கமோவுக்கெனக் கொட்டகை அமைந்த கப்பல். மும்பை மசகான் கப்பல் கட்டுமிடத்தில் உருவாகி 1997ஆம் ஆண்டு நவம்பரில் பணியில் சேர்ந்த டெல்லி, இரண்டு சீ கிங் வானூர்திகளை ஏற்கும் அளவுடையது. மேற்குக் கப்பற்படைத் தொகுதியின் செயற்பாட்டு அதிகாரியாகவும் அவர் பணியாற்றினார். பல கப்பல்களை ஒருங்கே இயக்கும் பட்டறிவு அப்பணியால் கிட்டியது.

கரையில் ஏற்ற பொறுப்புகள் அவரை வான்பிரிவோடு பிணைத்து வைத்தன. கடற்படைத் தலைமையகத்தின் வான் பணியகத்தில் இணை இயக்குநர், மும்பைக் கடற்படை விமான நிலையத்தின் பொறுப்பதிகாரி, விமானிகளின் தேர்ச்சியைச் சோதித்துத் தரப்படுத்தும் வாரியத்தின் உறுப்பினர் ஆகிய பணிகள் அவற்றுள் அடங்கும். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் அதிகாரிகள் கல்லூரியில் அவர் பயின்றதும் இடைப்பட்ட காலத்திலேதான். முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் அக்கல்லூரி, தனிக்கலத்தின் பார்வையிலிருந்து முழுப்படையின் பார்வைக்கு அதிகாரியை நகர்த்துவதையே நோக்கமாகக் கொண்டது.

தமக்குரிய கொடியைக் கப்பலில் ஏற்றும் உரிமையுள்ள உயர்நிலையை அடைந்த பின், கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் பணியாளர் தலைவராகவும், அந்தமான் நிகோபார் முப்படைக் கட்டளையகத்தின் பணியாளர் தலைவராகவும், மகாராட்டிர-குசராத்துக் கடற்பகுதியின் தளபதியாகவும் இருந்தார். வைஸ் அட்மிரலாகக் கார்வார் கடற்படைத் தளத்தை உருவாக்கும் சீபேர்டு திட்டத்தின் தலைமை இயக்குநரானார். தொடர்ந்து கடற்படைத் துணைத் தலைமைப் பொறுப்புகளை வகித்து, 2017ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கட்டளையகத்தின் தலைமைத் தளபதியானார். தமிழ்நாட்டுக் கடற்கரை இக்கட்டளையகத்தின் எல்லைக்குட்பட்டது.

2019 நியமனமும் பணிமூப்பு வினாவும்

அடுத்த தலைமைத் தளபதியாகக் கரம்பீர் சிங்கை இந்திய அரசு 2019 மார்ச்சு 23ஆம் நாள் அறிவித்தது. அவரினும் பணிமூப்புடைய வைஸ் அட்மிரல் பிமல் வர்மா அப்போது அந்தமான் நிகோபார் கட்டளையகத்தின் தலைமைத் தளபதியாக இருந்தார். தாம் கடந்து செல்லப்பட்டதை எதிர்த்து அவர் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை நாடினார். அரசிடமும் முறையீடு செய்தார். தகுதியின் அடிப்படையிலேயே தெரிவு நிகழ்ந்தது என்று கூறி அரசு முறையீட்டை மறுத்தது. பதவியேற்பு குறித்த நாளில் நடந்தது.

இவ்வழக்கு தனிமனிதர் இருவருக்கு இடைப்பட்டதன்று. இந்தியப் படைகளில் பணிமூப்பே தலைமைக்கு வழிகாட்டும் என்பது நெடுங்கால வழக்கம். அரசியல் தலையீட்டுக்கு எதிரான வேலியாக அது போற்றப்பட்டு வந்தது. 2014இல் கடற்படைத் தலைமைக்கும் 2016இல் தரைப்படைத் தலைமைக்கும் நியமனம் நிகழ்ந்தபோது அவ்வழக்கம் பின்பற்றப்படவில்லை. பணிமூப்பை விடாது பற்றினால் தலைமை பிறந்த நாளாலும் பணியில் சேர்ந்த நாளாலும் முடிவாகிவிடும் என்பர் ஒரு சாரார். அதனைக் கைவிட்டால் உயர் அதிகாரிகள் ஆட்சியாளரின் முகம் நோக்கும் நிலை வரும் என்பர் மறுசாரார். உலங்கு வானூர்திப் பிரிவின் முதல் தலைமைத் தளபதி இவ்விவாதத்தினூடேதான் பதவிக்கு வந்தார் என்பதை மறைத்து எழுதப்படும் வரலாறு முழுமையாகாது. பதவிக்கு வரும் வழியில் எழுந்த வினாவையும் அவருடைய நாற்பதாண்டுத் தகுதியையும் ஒன்றையொன்று அழிக்காத இரு உண்மைகளாகக் கொள்வதே முறை.

தமிழ் நிலமும் கடற்படை வான்பிரிவும்

இந்தியக் கடற்படை வான்பிரிவின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு உள்ள இடம் தொடக்க காலத்திலிருந்தே அமைந்தது. இன்று கோவாவோடு சேர்த்து எண்ணப்படும் ஐ.என்.எஸ். ஹன்சா நிலையம் 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பணியில் சேர்க்கப்பட்டது கோயம்புத்தூரை அடுத்த சூலூரிலேதான். விக்ராந்தின் தாரை விமானங்களுக்கான தரைத்தளமாக அது விளங்கியது. கோவா இந்தியாவுடன் இணைந்த பின், 1964இல் அந்நிலையம் தாபோலிமுக்கு மாற்றப்பட்டது. சூலூர் வான்படைக்கு உரியதாயிற்று. சூலூரின் கடற்படைக் காலம் மறதியில் ஆழ்ந்தது.

அரக்கோணத்தில் அவ்விழப்பு பின்னர் ஈடுசெய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் இருந்த அவ்வூரில் ஐ.என்.எஸ். இராஜாளி 1992ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் தொடங்கப்பட்டது. தஞ்சை மண்ணில் பிறந்த குடியரசுத் தலைவர் இரா. வெங்கட்ராமன் அதனைத் தொடங்கி வைத்தார். நெடுந்தொலைவு ரோந்து செல்லும் து-142 விமானங்கள் அங்கிருந்து 2017 வரை பறந்தன. 2013 முதல் பி-8ஐ விமானங்கள் அப்பணியை ஏற்றன. கடற்படையின் உலங்கு வானூர்திப் பயிற்சிப் பள்ளியும் அங்கேயே இயங்குகிறது. இன்று இந்தியக் கடற்படையில் சுழல்சிறகு விமானியாக விரும்பும் எவரும், எம்மொழி பேசுபவராயினும், அரக்கோணத்தின் வானில் பயின்றே சிறகுச் சின்னம் பெறுகின்றனர்.

கரம்பீர் சிங் தலைமைத் தளபதியான பின் தமிழகத்துத் தளங்கள் மேலும் வலுப்பெற்றன. பொறுப்பேற்ற இரு திங்களுக்குள், 2019 ஜூலை 22ஆம் நாள், சென்னை மீனம்பாக்கத்தில் டார்னியர் விமானங்களைக் கொண்ட 313ஆம் அணியை அவர் தொடங்கி வைத்தார். 2020 நவம்பரில் குத்தகைக்குப் பெறப்பட்ட இரண்டு சீ கார்டியன் ஆளில்லா விமானங்கள் இராஜாளியிலிருந்து பறக்கலாயின. வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலின் கிழக்கு வாயில்களையும் கண்காணிக்கும் பணியில் அரக்கோணம் நடுவிடம் பெற்றது.

தமிழரை நேரே தொட்ட நிகழ்ச்சி 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்துச் சமுத்திர சேது நடவடிக்கை. விமானப் போக்குவரத்து முடங்கிய நிலையில், ஜலாஷ்வா, ஐராவத், சார்தூல், மகர் ஆகிய கடற்படைக் கப்பல்கள் 55 நாள்களில் 23,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளில் தவித்த 3,992 இந்தியரைத் தாயகம் சேர்த்தன. ஜலாஷ்வா ஜூன் 2ஆம் நாள் கொழும்பிலிருந்து 685 பேரையும், ஜூலை 1ஆம் நாள் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரையும் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. வளைகுடாக் கடலில் மீன்பிடிக் கூலிகளாகச் சென்றிருந்த தமிழக மீனவர்கள் இவர்களுள் இருந்தனர். அயலகத் தமிழர் வரலாற்றை ஆய்வோர் அந்நாட்டுக் குடியேற்றங்களைப் போலவே இத்திரும்பி வரவுகளையும் பதிவு செய்தல் வேண்டும்.

தலைமைக் காலமும் அதன் எல்லைகளும்

கரம்பீர் சிங்கின் தலைமைக் காலம் 2021 நவம்பர் 30 வரை, முப்பது திங்கள் நீடித்தது. பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவர் விடுத்த அறிவுறுத்தல்கள் படையினர் பலருடைய கவனத்தையும் ஈர்த்தன. கடற்படை விழாக்களில் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் ஒரே வகை உணவும் பானமும் கலங்களும் அமைய வேண்டும்; வருகைபுரியும் உயர் அதிகாரிக்குப் பூங்கொத்து அளிக்கப் பெண்களையும் குழந்தைகளையும் வரிசையில் நிறுத்தலாகாது; ஆடம்பரம் குறைக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. வானூர்தியின் சிறு அறைக்குள் அதிகாரியும் மாலுமியும் தோளோடு தோள் நின்று பணிபுரியும் பிரிவிலிருந்து வந்தவர் அவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மகளிர்க்கும் புதிய வாயில்கள் திறந்தன. 2019 டிசம்பரில் கடற்படையின் முதல் பெண் விமானி கொச்சியில் தேர்ச்சி பெற்றார். 2020 செப்டம்பரில் பெண் அதிகாரிகள் இருவர், போர்க்கப்பல்களிலிருந்து இயங்கும் உலங்கு வானூர்திகளில் கண்காணிப்புப் போர்ப்பணிக்குத் தெரிவு செய்யப்பட்டனர். கப்பல் வாழ்வோடு பிணைந்த பணி என்பதாலேயே பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த இடம் இது.

ஆயினும் அவர் சார்ந்த பிரிவின் முதன்மைச் சிக்கல் கருவிப் பற்றாக்குறை. 1998ஆம் ஆண்டு அணுவெடிப்புச் சோதனைகளைத் தொடர்ந்து அமெரிக்கா விதித்த தடைகளால் சீ கிங் வானூர்திகளுக்கான உதிரிப் பாகங்கள் கிடைப்பது தடைபட்டது. பின்னர்த் தடை நீங்கியும், மாற்று வானூர்திகளை வாங்கும் முயற்சிகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. புதிய நாசகாரிக் கப்பல்கள் பெரிய கொட்டகைகளோடு கட்டப்பட்டன; அவற்றில் ஏற்ற வேண்டிய நீர்மூழ்கி எதிர்ப்பு வானூர்திகள் போதிய அளவில் இல்லை. 1950களில் வடிவமைக்கப்பட்ட சேத்தக்கையே பல கப்பல்கள் சுமந்து திரிந்தன. குக்ரியின் இழப்பு கற்பித்த பாடம் கப்பல் வரைபடத்தில் ஏறியது. கொள்முதல் கோப்புகளில் தேங்கியது.

இந்நிலையில் 24 எம்.எச்.-60ஆர் வானூர்திகளுக்கான ஒப்பந்தம் 2020 பிப்ரவரியில் அமெரிக்காவுடன் கையெழுத்தாயிற்று. முதல் இரண்டும் 2021 ஜூலையில் சான் டியேகோவில் ஒப்படைக்கப்பட்டன. கரம்பீர் சிங் ஓய்வு பெற அப்போது நான்கு திங்கள் எஞ்சியிருந்தன. அவ்வானூர்திகளின் முதல் அணியான 334, கொச்சியில் பணியில் சேர்ந்தது 2024 மார்ச்சில். உள்நாட்டில் உருவான உயர்நிலை இலகு வானூர்தியின் மூன்றாம் வகை 2021 ஏப்ரலில் கோவாவில் சேர்க்கப்பட்டது. சேத்தக்குகளுக்கு மாற்றாக 111 பயன்பாட்டு வானூர்திகளை ஏறத்தாழ 21,000 கோடி ரூபாயில் பெற 2018இல் ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்த திட்டமோ அவர் பதவிக்காலத்தில் நிறைவேறவில்லை.

இதன் காரணத்தைத் தலைமைத் தளபதியின் அக்கறையில் தேடுவது பொருந்தாது. பாதுகாப்புச் செலவினத்தில் கடற்படையின் பங்கு 2012இல் 18 விழுக்காடாக இருந்து 2019-20இல் 13 விழுக்காடாகக் குறைந்ததை அவரே 2019 டிசம்பரில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். போர்க்கருவி ஒன்றைக் கேட்பது முதல் கையில் பெறுவது வரை பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. தலைமைத் தளபதியின் காலமோ இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். தமக்கு முன்னோர் விதைத்ததை அறுவடை செய்வதும், தாம் விதைப்பதைப் பின்னோர்க்கு விட்டுச் செல்வதுமே அப்பதவியின் இயல்பு. 2021 ஆகஸ்டு 4ஆம் நாள் கொச்சியிலிருந்து வெள்ளோட்டம் சென்ற புதிய விக்ராந்தும் அவ்வாறு பல தலைமைகளின் கைமாறி வந்த பணியே.

முடிவுரை

அட்மிரல் கரம்பீர் சிங்கின் பணிவாழ்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உலங்கு வானூர்தியின் மதிப்பை உயர்த்தியது அதன் விமானிகளின் வேண்டுகோளன்று. நீர்மூழ்கியால் கடற்போர் அடைந்த மாற்றமே ஆகும். போரின் இயல்பு மாறியபோது துணைப் பணி மையப் பணியாயிற்று. படையின் மதிப்பீடுகள் அதனை ஏற்கப் பிந்தின. அப்பிந்துதலின் அளவு அரை நூற்றாண்டு.

இரண்டாவது, அவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தது கப்பலும் வானூர்தியும் கலந்த பணிநெறி. சிறகுச் சின்னம் பெற்றவரையும் கப்பல் தலைமைக்கு அனுப்பும் மரபு விமானிக்குக் கடினமானது. ஆயினும் அம்மரபே அவருக்குப் பாலமாயிற்று. சுழல்சிறகு விமானி கப்பலோடு வாழ்பவர் ஆதலின், வான்பிரிவினருள் அப்பாலத்தைக் கடக்கும் தகுதி அவருக்கு இயல்பாகவே மிகுதி. இத்தகுதி இருந்தும் அவரினத்தார்க்கு வாயில் திறக்கக் காலம் தாழ்ந்தது என்பதே வரலாறு காட்டும் முரண்.

மூன்றாவது, பிரிவொன்றின் மகன் தலைமையேற்றதாலேயே அப்பிரிவின் குறை தீர்ந்துவிடுவதில்லை. நிதியும் கொள்முதல் நெறியும் தனிமனிதரின் பதவிக்காலத்தினும் நீளமானவை. பெருமைக்குரிய முதல்நிலைகளைக் கொண்டாடும்போது இதனை மறத்தலாகாது.

தமிழியல் ஆய்வுக்கு இவ்வரலாறு தரும் பணியும் ஒன்றுண்டு. சூலூர் முதல் அரக்கோணம் வரை, கடற்படை வான்பிரிவுக்குத் தமிழ் நிலம் தளமாகவும் பள்ளியாகவும் இருந்து வந்துள்ளது. அங்கே பயின்றோர், அத்தளங்களில் உழைத்த தொழிலாளர், அவற்றைச் சூழ்ந்த ஊர்கள் பற்றிய தமிழ்ப் பதிவுகள் தொகுக்கப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், கடற்படையின் முதல் பெண் உலங்கு வானூர்தி விமானி அரக்கோணத்தில் சிறகுச் சின்னம் பெற்றார். கரம்பீர் சிங் சின்னம் பெற்ற காலத்தில் அவருடைய பிரிவினர்க்குத் தலைமைப் பதவி எவ்வளவு தொலைவில் இருந்ததோ, அதனினும் தொலைவில் அப்பதவி இன்று அவ்விளம் அதிகாரிக்கு இருக்கலாம். அத்தொலைவு கடக்கப்படுவதற்கு மீண்டும் அரை நூற்றாண்டு ஆகுமா என்பதைக் கடற்படை கப்பல் தலைமைக்கு யாரை, எப்போது அனுப்புகிறது என்பதே முடிவு செய்யும்.